ஓவனே இல்லாத கேக்குக்கு என்ன வயசு?

போன மாதம் விடுமுறையில் மகள் ஒரு செய்முறையை எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். பிரிட்டிஷ் வீடுகளில் பண்ணுகிற பலகாரம். பிஸ்கட்டை நொறுக்கி, உருக்கிய வெண்ணெய், சிரப், கோகோ பவுடரோடு கலந்து, தட்டில் அமுக்கி, மேலே உருக்கிய சாக்லேட்டை ஊற்றி, ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு இறுகவிட்டால் முடிந்தது. ஓவன் வேண்டாம். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, எனக்கும் நிம்மதி. ஆனால் தலைப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். 'சாக்லேட் ஆரஞ்சு டிபன்' என்று போட்டிருந்தது.

இட்லி, பொங்கல், ரவா தோசை தவிர வேறெதையும் அந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்த்திராத ஆள் நான். இது எப்படி டிபன்? அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

சொல்லிலிருந்து ஆரம்பித்தேன். இதற்கெல்லாம் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் ஹென்றி யூல். இன்னொருவர் ஆர்தர் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகால் நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்ட அதே பர்னெல்தான். அகராதி அச்சாகி வருவதற்கு நாலு வருஷம் முன்பே இறந்துவிட்டார். டிபன் என்பது இந்தியச் சொல்லே இல்லை என்பது அவர்கள் கட்சி. வேளை தவறிச் சாப்பிடுவதையும் குடிப்பதையும் குறிக்கும் இங்கிலாந்துக் கொச்சைச் சொல் ஒன்று 18-ஆம் நூற்றாண்டில் இருந்தது. கப்பலேறி வந்தவர்களின் வாயில் அது இங்கே தங்கிவிட்டது, சொந்த ஊரில் மறைந்துபோனது. இங்கே மதிய உணவாகி, பிறகு நம் கையில் காலைக்கும் சாயங்காலத்துக்கும் ஆனது. திரும்பவும் அந்தப் பக்கம் போய், கடைசியில் ஒரு சாக்லேட் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, பெயர் ஆச்சு. பண்டத்துக்கு என்ன வயசு?

ஸ்காட்லாந்தில் ட்ரூன் என்ற கடலோர ஊரில் 1900-களின் தொடக்கத்தில் பிறந்தது என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். யாரும் ஆதாரம் காட்டுவதில்லை. இந்த மாதிரி வாக்கியத்தைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். நம் தொழிலில் ஒரு பழைய புரோகிராமின் காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. அது எந்தெந்த லைப்ரரிகளை நம்பி ஓடுகிறது என்று பார்ப்பது. அவற்றில் எது கடைசியாக வந்ததோ, அதற்கு முன்னால் அந்த புரோகிராம் இருந்திருக்க முடியாது. ஒரு பாட்டில் மிளகாய் வந்தால் அது போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிந்தியது என்கிறோமே, அதே கணக்கு.

மகளின் பட்டியல் இது: டைஜஸ்டிவ் பிஸ்கட் 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், கோல்டன் சிரப் மூன்று ஸ்பூன், கோகோ பவுடர் மூன்று ஸ்பூன், கறுப்பு சாக்லேட் 200 கிராம், உலர்திராட்சை ஒரு கைப்பிடி, ஆரஞ்சு ஒன்று.

வெண்ணெய்க்கும் திராட்சைக்கும் காலம் பார்க்க வேண்டாம். மற்றவற்றுக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பம் கோகோ விழுதைப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கும் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது. எஞ்சிய புண்ணாக்கைப் பொடித்தால் கோகோ பவுடர். பிழிந்த கொழுப்பை என்ன செய்வது? 1847-இல் பிரிஸ்டலின் ஃப்ரை கம்பெனி அதைச் சர்க்கரையோடும் கோகோவோடும் மறுபடி சேர்த்தது. அந்தக் கலவை அச்சில் வார்க்கும் அளவுக்கு இளகியது, ஆறியதும் கட்டியாக நின்றது. அதுவரை பெரும்பாலும் குடிக்கிற பானமாக இருந்த சாக்லேட், கடித்துத் தின்னும் பாளமாக மாறியது இப்படித்தான். எங்கள் தட்டில் கீழே இருந்த பவுடரும் மேலே ஊற்றிய சாக்லேட்டும் ஒரே இயந்திரத்தின் இரண்டு வாய்களிலிருந்து வந்தவை. எண்ணெய்ச் செக்கு பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும்.

கோல்டன் சிரப் 1880-களில் லண்டனில் ஏப்ரம் லைலின் சர்க்கரை ஆலையில் வந்தது. சுத்திகரிப்பில் மிஞ்சிய பாகை வீணாக்காமல் செய்தது. டைஜஸ்டிவ் என்ற பெயரில் பிஸ்கட்டுகள் முன்பே உண்டு. ஆனால் இன்று நாம் உடைக்கிற மெக்விட்டீஸ் வகையை அலெக்சாண்டர் கிராண்ட் உருவாக்கியது 1892-இல். தவிடு நீக்காத கோதுமையும் சோடா உப்பும் செரிமானத்துக்கு நல்லது என்று நம்பி வைத்த பெயர்.

ஆக 1892-ஐ ஒட்டித்தான் இந்தத் தட்டு சாத்தியமாகிறது. ட்ரூன் கதை இதற்குள் பொருந்துகிறது. பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் இன்னொன்று உறைத்தது. ஓவன் இல்லாத கேக் என்று சும்மா சொல்கிறோம். பிஸ்கட் ஒரு தொழிற்சாலையின் ஓவனில் ஏற்கெனவே வெந்தது. கோகோ கொட்டை வறுபட்டது. சிரப் ஆலையில் கொதித்தது. அடுப்பு வேலை முழுக்க வேறு யாரோ வேறெங்கோ முடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாம் கடைசியில் ஒட்டுகிறோம், அவ்வளவுதான்.

அந்த 'வேறெங்கோ' ஒரு காலத்தில் சாவோ தோமே என்ற தீவு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அன்று போர்ச்சுகல் ஆட்சியில் இருந்தது. பிரிட்டனின் பெரிய சாக்லேட் கம்பெனிகளான கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ மூன்றும் குவேக்கர் குடும்பங்களுடையவை. மதுவுக்கும் அடிமை முறைக்கும் எதிராக நின்ற சமயப் பிரிவு அது. அவர்கள் வாங்கிய கோகோவில் ஒரு பங்கு இந்தத் தீவுத் தோட்டங்களிலிருந்து வந்தது. தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அங்கோலாவிலிருந்து 'ஒப்பந்தம்' என்ற பெயரில் கொண்டுவரப்பட்டவர்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கிட்டத்தட்ட யாருமில்லை. 1901-இல் ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தபோது, அதன் சொத்துப் பட்டியலில் 200 கறுப்பினத் தொழிலாளர்களும் இருந்ததை வில்லியம் கேட்பரி பார்த்தார். கம்பெனி அங்கே வாங்குவதை நிறுத்தியது 1909-இல். நடுவில் எட்டு வருஷம். விசாரணைக்கு ஆள் அனுப்பினார்கள், அறிக்கை வாங்கினார்கள், அரசாங்கத்தோடு பேசினார்கள், கோகோவையும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

1908-இல் ஸ்டாண்டர்ட் என்ற பத்திரிகை இதைக் குத்திக்காட்டி எழுதியது. கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. 1909 இறுதியில் பர்மிங்ஹாமில் விசாரணை. ஜூரிகள் கேட்பரி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வென்றவனுக்கு இதைவிடப் பெரிய அடி கொடுக்க முடியாது. எட்டு வருஷம் பேசிப் பார்த்தது உண்மையான முயற்சி என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொத்துப் பட்டியலைத் தாண்டிப் போக முடியவில்லை.

இனி சமையலறைக்கு வருகிறேன். முதல் தட்டு நாசமானது. 'ஆரஞ்சு வாசனை இன்னும் வேணும்ப்பா' என்று உருகிய சாக்லேட்டில் மகள் இரண்டு ஸ்பூன் சாறு பிழிந்தாள். பளபளவென்று இருந்த சாக்லேட் நொடியில் ஈர மண் மாதிரி திரண்டுவிட்டது. உருகிய சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரை, கோகோத் துகள்கள். கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் சர்க்கரை ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாசனை இருப்பது தோலின் புள்ளிப் பைகளில் உள்ள எண்ணெயில். எண்ணெய் கொழுப்போடு சண்டை போடாது. துருவிய தோலைப் போட்டால் போதும். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். நம் கமலா ஆரஞ்சின் தோல் தொளதொளவென்று இருப்பதால் துருவ வராது, இறுக்கமான தோலுள்ள பழம் வாங்குங்கள்.

யார்க் நகரத்தின் டெர்ரிஸ் கம்பெனி சாக்லேட்டில் ஆரஞ்சு எண்ணெயைச் சேர்த்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அந்தக் கடை 1767-இல் தொடங்கியபோது இருமல் மிட்டாயும் சர்க்கரைப் பாகில் ஊறிய எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலும் விற்றது. சாக்லேட் பின்னால் வந்தது. 1926-இல் முதலில் செய்தது சாக்லேட் ஆப்பிள். சுளை சுளையாகப் பிரியும் சாக்லேட் ஆரஞ்சு 1932-இல் வந்து, அண்ணனைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. 1954-இல் ஆப்பிள் நின்றே போனது. யார்க் தொழிற்சாலையை 2005-இல் மூடினார்கள்.

இரண்டாவது தட்டு சரியாக வந்தது, ஆனால் வெளியே வைத்தால் இறுகவில்லை. கோகோ கொழுப்பு சுமார் 34 டிகிரியில் உருகும். சென்னை மே மாதம் அதைத் தாண்டிவிடும். இதை ஃப்ரிட்ஜ் கேக் என்றும் அழைக்கிறார்கள். ஆனால் ட்ரூன் மாதிரி ஊரில் ஒரு ஜன்னலோர அலமாரியே ஃப்ரிட்ஜ். ஆகவே வீட்டு ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் இது இருந்திருக்க முடியாது என்ற வாதம் அங்கே செல்லாது, இங்கே மட்டும்தான் செல்லும். ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தோம். முழுசாக இறுகும் முன்பே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மேல் சாக்லேட் கண்டபடி விரியும்.

துண்டு போடும்போது ரேஷன் கணக்கு நினைவுக்கு வந்தது. பிரிட்டனில் 1942 ஜூலையில் சாக்லேட்டும் மிட்டாயும் ரேஷனுக்குப் போயின. பெரும்பாலும் ஒருவருக்கு நாலு வாரத்துக்கு 12 அவுன்ஸ், சுமார் 340 கிராம். வெண்ணெய் வாரத்துக்கு 2 அவுன்ஸ். எங்கள் தட்டின் சாக்லேட், ஒரு ஆளின் மாதப் பங்கில் பாதிக்கு மேல். வெண்ணெய் இரண்டு வாரத்துக்கும் அதிகம். பிஸ்கட்டுக்குத் தனி புள்ளிகள். ஆரஞ்சு வந்தால் முதலில் குழந்தைகளுக்கு. டெர்ரிஸ் தொழிற்சாலையின் ஒரு பகுதியில் விமானப் புரொப்பெல்லர் வேலை நடந்துகொண்டிருந்தது. போர் முடிந்து 1949 ஏப்ரலில் மிட்டாய் ரேஷனை எடுத்துப் பார்த்தார்கள். கடைகள் காலியாகி ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரேயடியாகப் போனது 1953 பிப்ரவரி 5-இல்.

நாங்கள் பதினாறு துண்டு போட்டோம். அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை டிபன்னு சொல்லாதே' என்றார்.