ஐரோப்பிய லீக்குகளுக்கு அமெரிக்க இளம் கால்பந்து வீரர்கள் செல்ல வேண்டுமா? வயது, விதி, ஆடும் வாய்ப்பு: ஒரு விளக்கம்

புதுடெல்லி: அமெரிக்காவில் கால்பந்தில் தனித்திறமை காட்டும் ஒரு சிறுவன் 16 வயதை எட்டும்போது அவனது குடும்பம் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. உள்நாட்டு லீக்கில் ஒப்பந்தம் செய்துகொள்வதா, கல்லூரியில் சேர்ந்து படித்தபடி ஆடுவதா, ஐரோப்பிய கிளப் ஒன்றின் அழைப்பை ஏற்று நாட்டை விட்டுப் புறப்படுவதா என்பதே அந்த முடிவு. வீரரின் ஆட்டம் வேகமாக வளரும் பருவம் அது என்பதால், அப்போது வீணாகும் ஓரிரு ஆண்டுகளைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

இந்த மூன்று வழிகளிலும் கடந்த கால் நூற்றாண்டில் பலர் சென்றுள்ளனர். எந்தக் கண்டத்தில் ஆடினார்கள் என்பதைக் காட்டிலும், சேர்ந்த கிளப்பில் களமிறங்கும் வாய்ப்பு கிடைத்ததா என்பதே அவர்களின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானித்துள்ளது.

விவாதத்தின் பின்னணி

அமெரிக்காவின் முதன்மை லீக்கான மேஜர் லீக் சாக்கர் (எம்.எல்.எஸ்.) 1996-ஆம் ஆண்டு 10 அணிகளுடன் தொடங்கியது. 2025-இல் அணிகளின் எண்ணிக்கை 30-ஐ எட்டியது. ஐரோப்பிய லீக்குகளில் கடைசி இடங்களைப் பிடிக்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். எம்.எல்.எஸ். தொடரில் அந்த முறை இல்லை. தோல்வியால் அணிக்குப் பெரிய இழப்பு நேராத சூழலில் இளம் வீரர்கள் கடும் போட்டிக்குப் பழக மாட்டார்கள் என்பது ஐரோப்பாவை ஆதரிப்போரின் முதன்மை வாதமாகும்.

அமெரிக்க தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த ஜெர்மனியின் யூர்கன் கிளின்ஸ்மன், வீரர்கள் ஐரோப்பாவின் உயர்நிலை லீக்குகளில் ஆட வேண்டும் என வலியுறுத்தினார். கிளின்ட் டெம்ப்சி, மைக்கேல் பிராட்லி போன்ற முன்னணி வீரர்கள் ஐரோப்பாவிலிருந்து எம்.எல்.எஸ். தொடருக்குத் திரும்பியது குறித்து அவர் கூறிய கருத்துகளுக்கு, லீக்கின் தலைவர் டான் கார்பர் 2014-இல் வெளிப்படையாகக் கண்டனம் தெரிவித்தார்.

2017 அக்டோபர் 10-ஆம் தேதி டிரினிடாட் அண்ட் டொபேகோவிடம் 1-2 என்ற கணக்கில் தோற்ற அமெரிக்க அணி, 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறத் தவறியது. இளம் வீரர்களை எங்கு, எப்படி வளர்ப்பது என்ற விவாதம் அதன் பின்னர் மேலும் தீவிரமடைந்தது.

18 வயது விதி

ஒரு வீரர் விரும்பிய வயதில் வெளிநாட்டு கிளப்பில் சேர்ந்துவிட முடியாது. சர்வதேசக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவின் விதிகளின்படி, 18 வயது நிறைவடையாத வீரரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாற்றுவது பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. சிறுவர்கள் வணிகப் பொருளாக நடத்தப்படுவதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. கால்பந்துடன் தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்ந்தால் சிறுவனும் அங்குள்ள கிளப்பில் சேரலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நிகழும் மாற்றங்களுக்கு 16 வயதிலிருந்தே அனுமதி உண்டு. அவ்வாறு சேர்க்கும் கிளப், வீரருக்குப் பள்ளிக் கல்வி, தங்குமிடம், பொறுப்பாளர் ஆகியவற்றை ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஐரோப்பியக் குடியுரிமை உள்ள அமெரிக்கச் சிறுவர்கள் இந்த இரண்டாவது விலக்கின் மூலம் பயனடைகின்றனர். தாத்தாவோ பாட்டியோ எந்த நாட்டில் பிறந்தார் என்பதே இரண்டு ஆண்டு கால வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதை அடுத்து, 2021 முதல் இங்கிலாந்து கிளப்புகள் 18 வயதுக்குட்பட்ட வெளிநாட்டு வீரர்களைச் சேர்க்க இயலாது.

விதியை மீறும் கிளப்புகள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டுள்ளது. சிறுவர்களைச் சேர்த்த விவகாரத்தில் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப், இரண்டு பரிமாற்றக் காலங்களில் புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபா 2014-இல் தடை விதித்தது.

18 வயதுக்குப் பிறகும் நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடுகின்றன. இங்கிலாந்தில் பணி அனுமதிக்குப் புள்ளி முறை பின்பற்றப்படுகிறது. ஸ்பெயினில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள வீரர்களுக்கு இட வரம்பு உண்டு. நெதர்லாந்தில் அத்தகைய வீரர்களுக்கு உயர்ந்த குறைந்தபட்ச ஊதியம் வழங்கியாக வேண்டும். ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் 2006 முதல் அத்தகைய இட வரம்பு இல்லை. அமெரிக்க இளைஞர்கள் பலர் ஜெர்மனியைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புலிசிக்: இளவயதில் சென்று வென்றவர்

பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி நகரில் 1998-இல் பிறந்த கிறிஸ்டியன் புலிசிக், தாத்தா வழியில் குரோஷியக் குடியுரிமை பெற்றார். அதன் துணையுடன் 2015-இல், 16 வயதில் ஜெர்மனியின் போருசியா டார்ட்மண்ட் கிளப்பின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். 2016 ஜனவரியில் 17 வயதிலேயே முதன்மை அணிக்காகக் களமிறங்கினார்.

2019 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி கிளப் அவரை 6.4 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2021-இல் அந்த அணியுடன் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற அவர், 2023-இல் இத்தாலியின் ஏ.சி. மிலனுக்கு மாறினார்.

குரோஷிய பாஸ்போர்ட் இல்லாதிருந்தால் 18 வயது வரை காத்திருக்க நேர்ந்திருக்கும் என்றும், 16 முதல் 18 வரையிலான வயதே வீரருக்கு மிக முக்கியமானது என்றும் 2017-இல் எழுதிய கட்டுரையில் அவர் குறிப்பிட்டார்.

எனினும் அவரது வெற்றிக்கு வயது மட்டும் காரணமன்று. அவர் சேர்ந்த கிளப், பதின்ம வயதினரை முதன்மை அணியில் ஆடவைத்து, பின்னர் பெரும் தொகைக்கு விற்பதையே வழிமுறையாகக் கொண்டது. நியூயார்க் சிட்டி அகாடமியிலிருந்து 2019-இல் அதே கிளப்புக்குச் சென்ற ஜியோ ரெய்னாவும் 17 வயதில் முதன்மை அணியில் இடம்பிடித்தார். ஆனால் அடுத்தடுத்த காயங்கள் அவரது வளர்ச்சியைத் தடுத்தன. ஒரே பாதையில் சென்ற இருவருக்கும் பலன் ஒன்றாக அமையவில்லை.

டோனவன்: திரும்பி வந்து உயர்ந்தவர்

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு லேண்டன் டோனவன். 1999-இல் ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் கிளப்பில் சேர்ந்த அவருக்கு முதன்மை அணியில் வாய்ப்புக் கிட்டவில்லை. 2001-இல் கடன் ஒப்பந்தத்தில் சான் ஹோசே எர்த்குவேக்ஸ் அணிக்கு வந்த அவர், அதே ஆண்டில் எம்.எல்.எஸ். கோப்பையை வென்றார். 2002 உலகக் கோப்பையில் அமெரிக்கா காலிறுதிக்கு முன்னேறியபோது, தொடரின் சிறந்த இளம் வீரர் விருது அவருக்குக் கிடைத்தது.

2005-இல் லெவர்குசனுக்கு மீண்டும் சென்றபோதும் சில மாதங்களிலேயே திரும்பினார். தேசிய அணிக்காக 57 கோல்கள் அடித்த டோனவன், அமெரிக்காவின் அதிக கோல் அடித்த வீரர் என்ற பெருமையை டெம்ப்சியுடன் பகிர்ந்துகொண்டவர். எம்.எல்.எஸ். தொடரின் மிகச் சிறந்த வீரருக்கான விருது இன்று அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

டோனவன் இன்னும் பொறுமை காட்டியிருந்தால் ஐரோப்பாவிலும் சாதித்திருப்பார் என்பது ஒரு தரப்பினரின் கருத்து. இளம் வயதில் வாரந்தோறும் ஆடும் வாய்ப்பே அவரை உருவாக்கியது என்பது மற்றொரு தரப்பினரின் பதில்.

பெப்பி: ஒரே வீரர், இரு அனுபவங்கள்

இந்த விவாதத்தைத் தெளிவாக விளக்கும் நிகழ்வு ரிக்கார்டோ பெப்பியுடையது. எஃப்.சி. டல்லாஸ் அணியில் வளர்ந்த இந்த முன்கள வீரர், 2021 செப்டம்பரில் ஹோண்டுராஸுக்கு எதிரான தேசிய அணியின் ஆட்டத்தில் 18 வயதில் அறிமுகமாகி கோல் அடித்தார். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் கிளப் சுமார் 2 கோடி டாலருக்கு அவரை வாங்கியது.

அந்த அணி அப்போது கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படாமல் தப்பிக்கப் போராடிக்கொண்டிருந்தது. அத்தகைய அணியில் முன்கள வீரருக்குப் பந்து கிடைப்பதே அரிது. 19 வயது இளைஞரைப் பொறுமையுடன் வளர்க்கப் பயிற்சியாளருக்கும் அவகாசம் இருப்பதில்லை. ஆக்ஸ்பர்க் அணிக்காக பெப்பி புண்டஸ்லிகாவில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

அடுத்த பருவத்தில் அவர் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் கிளப்புக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அந்த அணி பருவ முடிவில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியபோதும், தொடர்ந்து ஆடிய பெப்பி லீக் போட்டிகளில் 12 கோல்கள் அடித்தார். 2023-இல் நெதர்லாந்தின் முன்னணி அணிகளுள் ஒன்றான பி.எஸ்.வி. அவரைச் சேர்த்துக்கொண்டது. இதற்கிடையே 2022 உலகக் கோப்பை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பொருந்தாத கிளப்பில் கழித்த காலத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

உள்நாட்டில் தொடங்கி, பின்னர் செல்வது

முதலில் எம்.எல்.எஸ். தொடரில் ஓரிரு ஆண்டுகள் முழுமையாக ஆடிவிட்டு ஐரோப்பா செல்வது மூன்றாவது வழியாகும். நியூயார்க் ரெட் புல்ஸ் அணியில் நிலைபெற்ற டைலர் ஆடம்ஸ், 2019 ஜனவரியில் அதே நிறுவனத்துடன் தொடர்புடைய ஜெர்மனியின் ஆர்.பி. லைப்சிக் அணிக்கு மாறினார். 2022 உலகக் கோப்பையில் அமெரிக்க அணியின் கேப்டனும் அவரே.

கனடாவின் அல்போன்சோ டேவிஸும் இவ்வழியில் சென்றவர். எம்.எல்.எஸ். தொடரில் வான்கூவர் அணிக்காக 15 வயதில் அறிமுகமான அவர், 18 வயது நிறைவடைந்த பின் 2019 ஜனவரியில் பயர்ன் மியூனிக் அணியில் இணைந்து, 2020-இல் சாம்பியன்ஸ் லீக் பட்டம் வென்றார்.

இவ்வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. எம்.எல்.எஸ். பருவம் பிப்ரவரியில் தொடங்கி ஆண்டு இறுதியில் முடிகிறது. ஐரோப்பியப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகிறது. இதனால் ஜனவரியில் மாறும் வீரர், ஒரு முழுப் பருவத்தை முடித்த களைப்புடன், ஏற்கெனவே பாதி தூரம் சென்றுவிட்ட அணியில் இடம் தேட வேண்டியுள்ளது. 2027 முதல் ஐரோப்பிய நாள்காட்டிக்கு இணையாகப் பருவத்தை மாற்ற எம்.எல்.எஸ். முடிவெடுத்துள்ளது குறிப்பிடத்தக்கது.

கல்லூரி வழி இன்னும் முற்றிலும் மறையவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த ஜோர்டான் மோரிஸ், 2016-இல் ஜெர்மனியின் வெர்டர் பிரெமன் கிளப்பைத் தவிர்த்து சொந்த ஊரான சியாட்டிலின் அணியில் சேர்ந்து, அந்த ஆண்டே கோப்பை வென்றார். எனினும் கல்லூரிப் போட்டிப் பருவம் ஆண்டில் சில மாதங்களே நீடிப்பதால், உயர்நிலைக் கால்பந்தை இலக்காகக் கொண்டோர் அவ்வழியை நாடுவது குறைந்து வருகிறது.

வளர்த்த கிளப்புக்கு என்ன கிடைக்கிறது?

வீரரின் முடிவு அவரை வளர்த்த கிளப்பையும் பாதிக்கிறது. டல்லாஸ் அகாடமியில் பயிற்சி பெற்ற வெஸ்டன் மெக்கென்னி, உள்நாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் செய்யாமலேயே 2016-இல் ஜெர்மனியின் ஷால்கே கிளப்புக்குச் சென்றார். அதனால் டல்லாஸுக்குப் பரிமாற்றத் தொகை கிடைக்கவில்லை. பின்னர் அவர் இத்தாலியின் யுவென்டஸ் வரை உயர்ந்தார்.

ஃபிஃபா விதிகளின்படி, சர்வதேசப் பரிமாற்றத் தொகையில் 5 சதவீதம், வீரருக்கு 12 முதல் 23 வயது வரை பயிற்சி அளித்த கிளப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் இந்நடைமுறை நீண்ட காலம் பின்பற்றப்படவில்லை. பயிற்சி இழப்பீட்டையும் இப்பங்கையும் இனிக் கோரப்போவதாக எம்.எல்.எஸ். 2019-இல் அறிவித்தது. வருவாய் கிடைக்கும் என்ற நிலை உருவானால், இளைஞர்களைத் தடுத்து வைப்பதைவிட அவர்களை ஆடவைத்து விற்பதே கிளப்புக்கு ஆதாயமாகும்.

வீராங்கனைகளின் நிலை

மகளிர் கால்பந்தில் நிலைமை வேறு. அமெரிக்காவின் தேசிய மகளிர் லீக் உலகின் வலுவான லீக்குகளுள் ஒன்றாக இருப்பதால், உயர்நிலைப் போட்டிக்காக ஐரோப்பா சென்றே ஆக வேண்டிய கட்டாயம் அங்கு இல்லை. கல்லூரியைத் தவிர்த்து 2012-இல் 18 வயதில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணியில் சேர்ந்த லிண்ட்சே ஹோரன், 2016-இல் நாடு திரும்பி போர்ட்லேண்ட் அணியில் ஆடினார். 2024 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கு அவரே கேப்டன்.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பிலடெல்பியா யூனியன் அணியின் கேவன் சலிவன், 2024 ஜூலை 17-இல் 14 வயதில் களமிறங்கி, எம்.எல்.எஸ். தொடரில் ஆடிய மிக இளையவர் ஆனார். 18 வயதுக்குப் பின் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டிக்கு மாறுவதற்கான ஏற்பாடும் அவரது ஒப்பந்தத்துடன் சேர்ந்தே செய்யப்பட்டது. காத்திருக்கும் ஆண்டுகளை உள்நாட்டு அணியில் பயன்படுத்திக்கொள்ளும் முயற்சி இது.

அவருக்கு முன் அச்சாதனையை வைத்திருந்த ஃபிரெடி அடு, 2004-இல் 14 வயதில் அறிமுகமாகி, 2007-இல் போர்ச்சுகலின் பென்ஃபிகாவுக்குச் சென்றார். அங்கு நிலைக்க இயலாமல், பின்னர் பல நாடுகளின் கிளப்புகளுக்கு மாறிக்கொண்டே இருந்தார். பெரிய கிளப்பின் பெயர் மட்டும் ஒரு வீரரைக் காப்பாற்றாது என்பதற்கு அவர் இன்றளவும் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடப்படுகிறார்.

எனவே ஐரோப்பிய அழைப்பைப் பெறும் குடும்பம் சில கேள்விகளைக் கேட்டறிவது பயனளிக்கும். தன் மகனின் வயதொத்த எத்தனை பேரை அந்த கிளப் கடந்த சில பருவங்களில் முதன்மை அணியில் இறக்கியது? அதே இடத்தில் ஆட ஏற்கெனவே எத்தனை வீரர்கள் உள்ளனர்? அழைத்த பயிற்சியாளர் நீங்கினால் என்ன திட்டம்? கடனாக அனுப்புவதாயின் எந்த லீக்குக்கு? பள்ளிப் படிப்பையும் மொழிப் பயிற்சியையும் யார் கவனிப்பார்கள்?

இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் 18 வயதில் புறப்படுவதும் பொருத்தமே. கிடைக்காவிட்டால், வாரந்தோறும் ஆடக் கிடைக்கும் உள்நாட்டுக் களமே அவ்வயதில் மேலான பள்ளியாக அமையும்.