புறக்கோட்டையின் சுவாமிப் படங்கள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழரின் கலை வரலாற்றை எழுதப்புகுவோர் பொலனறுவையிற் கிடைத்த வெண்கலத் திருமேனிகளில் தொடங்கி, கோயிற் சிற்பங்களையும் தேர்களையும் ஓரளவு விவரித்துவிட்டு, 1943இல் கொழும்பிலே தோன்றிய நாற்பத்துமூன்று குழுவின் நவீன ஓவியங்களுக்குத் தாவிவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னரும் சாதாரண மக்கள் நாள்தோறும் கண்ணுற்ற ஓவியம் எது என்ற வினாவை நம் ஆய்வாளர் பெரிதாக எழுப்பியதில்லை. எழுப்பியிருப்பின் விடை தேடி நூதனசாலைக்குச் செல்லவேண்டியிராது. கடைகளிலும் வீடுகளிலும் கண்ணாடி போட்டு மாட்டப்பட்ட அச்சுச் சுவாமிப் படமே அந்த ஓவியம். கொழும்புப் புறக்கோட்டையை நிலைக்களமாகக் கொண்டு அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறக்கோட்டை என்பது கோட்டைக்குப் புறத்தே அமைந்தது என்ற பொருளையே தருகின்றது. சிங்களத்திற் பிட்டக்கொட்டுவ என்பதும் அதுவே. ஆங்கிலேயர் வழங்கிய ‘பெற்றா’ என்ற பெயரோ நமது ‘பேட்டை’யின் திரிபு. தெருவுக்கொரு வணிகம் என்ற ஒழுங்கு இன்றும் ஓரளவு நிலைக்கும் இப்பகுதியின் ஓரத்திலேதான் செட்டியார் தெரு கிடக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் இத்தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் பெருகின. தோட்டத்துறைக்கும் அரிசி இறக்குமதிக்கும் வேண்டிய கடன்பணம் பெருமளவுக்கு அங்கிருந்தே புறப்பட்டது. கதிரேசன் கோயில்களும் ஆடிவேல் விழாவும் அவ்வணிக மூலதனத்தோடு சேர்ந்து வளர்ந்தவை. கணக்கு எழுதும் இடத்துக்கும் பணப்பெட்டிக்கும் மேலே ஒரு தெய்வ உருவம் இருக்கவேண்டும் என்ற வழக்கை மத உணர்வாக மட்டும் கொள்வது போதாது. கடன் கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரு சாட்சியின் முன் அமர்கின்றனர் என்ற பொருளும் அதில் உண்டு.

கல்லச்சு பரவுமுன் வண்ணத்தில் எழுதப்பட்ட தெய்வ உருவம் எளியோர் வீட்டில் இருந்திருக்க முடியாது. பொன் தகடும் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் படம் செல்வரின் உடைமை. ஏனையோருக்குக் குத்துவிளக்கு, ஒரு வேல், ஒரு கும்பம் இவையே போதுமாயிருந்தன. 1878இல் கல்கத்தா ஆர்ட் ஸ்ரூடியோவும் பூனாவின் சித்திரசாலை அச்சகமும் தெய்வப் படங்களை அச்சிடத் தொடங்கின. இரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகம் அதனைப் பெருந்தொழிலாக்கிற்று. நிறத்துக்கு ஒரு கல் வீதம் பல கற்களில் ஒரே தாளை மீண்டும் மீண்டும் ஒற்றி, மேலே மெருகு பூசி, எண்ணெய் ஓவியம் போலத் தோன்றச் செய்யும் நுட்பம் அது. அங்கு பணியாற்றிய ஜேர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைகரே பின்னர் அவ்வச்சகத்தை விலைக்கு வாங்கினார். செட்டிநாட்டு வீடுகளில் இரவிவர்மாவின் இலக்குமிக்கும் சரசுவதிக்கும் பட்டுத்துணி ஒட்டி, சரிகையும் மணியும் தைத்து அலங்கரித்தனர். ஒரே அச்சில் வந்த ஆயிரம் படங்களுள் ஒன்று அவ்வாறு ஒரு வீட்டுக்கே உரிய தனிப்படமாயிற்று. அச்சுத் தொழில் முடித்துவிட்ட வேலையை வீட்டுக் கைகள் மீண்டும் தொடங்கிவைத்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓயாது பயணஞ் செய்த அவ்வணிகரின் பெட்டிகளில் இப்படங்களும் வந்து சேர்ந்தன என நாம் ஊகிப்பது தவறாகாது.

இங்கே ஆனந்த குமாரசுவாமியை எதிர்கொள்ளாமல் அப்பாற் செல்லவியலாது. 1877இல் கொழும்பிலே பிறந்து, கண்டிய நாட்டுக் கைவினைஞரின் பெட்டியும் பாயும் பூட்டும் திறப்பும் கலையே என 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே நிலைநாட்டியவர் அவர். பயன்பாட்டையும் அழகையும் பிரித்துப் பார்ப்பது நவீன ஐரோப்பாவின் நோய் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து. அத்தகையவர் இரவிவர்மாவின் படங்களை மட்டும் இரக்கமின்றிக் கண்டித்தார். அவை மேடைநாடகக் காட்சி போன்றவை, கற்பனை குன்றியவை, இந்திய உணர்வு அற்றவை என்பது அவர் தீர்ப்பின் சாரம். நம் பல்கலைக்கழகங்களிற் கலை பேசுவோர் அரை நூற்றாண்டுக்கு மேலாக அத்தீர்ப்பை மறுபரிசீலனையின்றி ஏற்று வந்துள்ளனர். பணப்பெட்டிக்கு மேலே நாள்தோறும் மாலையும் தீபமும் பெற்ற படத்தைவிடப் பயன்பாட்டோடு ஒன்றிய ஓவியம் வேறெது? குமாரசுவாமியின் கோட்பாட்டைக் கொண்டே குமாரசுவாமியின் தீர்ப்பை மறுக்கலாம் என்பது நமது துணிபு.

எனினும் அவருடைய கண் பொய் சொல்லவில்லை. அப்படங்களில் நாடகத் தன்மை உண்டு. பிழை அதனைக் குறையாக மட்டும் கண்டு, அதன் காரணத்தைக் கேளாது விட்டமையிலேயே இருக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் இந்தியாவெங்கும் சுற்றி, கடல் கடந்து கொழும்புக்கும் வந்தன. சட்டமிட்ட மேடை, சுருண்டு எழும் திரை, அதில் எழுதிய அரண்மனை, தோட்டம், நீர்வீழ்ச்சி, அவற்றின் முன்னே பார்வையாளரை நேராக நோக்கி நிற்கும் நாயகன் ஆகிய இக்காட்சியமைப்பு சிங்கள நூர்த்திக்கும் தமிழ் நாடகத்துக்கும் ஒருங்கே பொதுவாயிற்று. மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்துக்குத் திரை எழுதிய எம். சார்லிஸ் (1880–1955) என்பவரே பிற்காலத்திற் புத்த சரிதைக் காட்சிகளை வரைந்தார். ஜேர்மனியில் அச்சாகி வந்த அவை சிங்கள பௌத்த வீடுகளை நிறைத்தன. தமிழகத்திலே கொண்டைய ராஜு (1898–1976) சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்று, திருவண்ணாமலையிற் சிலகாலம் தங்கி, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, ஈற்றிற் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவரும் சுப்பையா, இராமலிங்கம் முதலிய அவர்தம் மாணாக்கரும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழர் வாழும் இடமெங்கும் சென்றனர். இரவிவர்மா அச்சகத்திற் பணிபுரிந்த பால்கேயே 1913இல் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை எடுத்தார் என்பதையும் இவற்றோடு சேர்த்து நோக்குக.

சார்லிஸும் கொண்டைய ராஜுவும் ஒருவரையொருவர் அறிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. ஆயினும் ஒருவர் புத்தரையும் மற்றவர் முருகனையும் ஒரே மேடைத் திரையின் முன் நிறுத்தினர். புறக்கோட்டையில் அடுத்தடுத்த கடைகளில், ஒரு சுவரின் இருபுறமும், இவ்விருவர் மரபிலும் வந்த படங்கள் தொங்கியிருக்கும். பார்வைப் பழக்கத்தில் இரு சமூகங்களும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதை, அவர்களின் அரசியல் வரலாற்றை மட்டும் படிப்பவர் அறியார்.

அடுத்து, இப்படங்கள் மக்கள் கைக்கு வந்த வழி. கடையில் விலைக்கு வாங்கிய படங்கள் உண்டெனினும், மிகப் பல நாட்காட்டியாகவே வந்தன. வறண்ட வானிலை அச்சுத் தாளுக்கு ஏற்றதாயிருந்த சிவகாசியில் இவை பெருந்தொகையில் அச்சாயின. படத்தின் கீழே விடப்பட்ட வெற்றிடத்தில் எந்தக் கடையின் பெயரையும் பின்னர் பொறித்துக்கொள்ளலாம். மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரருக்கும், சில்லறைக் கடைக்காரர் வாடிக்கையாளருக்கும் ஆண்டுப் பிறப்பிலே கலண்டர் கொடுப்பர். யாருக்குப் பெரிய கலண்டர், யாருக்குச் சிறியது என்பது அவரவர் கொள்வனவின் அளவைப் பொறுத்தது. எவ்வளவு கேட்டும் கொடுபடாமல் வெறுங்கையோடு திரும்பியவர் தமது மதிப்பையும் அன்றே தெரிந்துகொண்டார்! ஆகவே இவ்வோவியம் வணிக உறவொன்றின் அடையாளமாகவே வீட்டுக்குள் நுழைந்தது. ஆண்டு முடிந்ததும் தாள்கள் கிழிந்து தீர்ந்துவிடும், படம் எஞ்சும். கத்தரிக்கோலால் கடையின் பெயரை வெட்டி நீக்கி, கண்ணாடி போடக் கொடுப்பர். விளம்பரத் தாள் சுவாமிப் படமாக மாறுவது அந்த இடத்திலேதான். சிலர் பெயரை வெட்டாமலே விட்டனர். தமக்குக் கடன் தந்து உதவிய கடையின் பெயர் முருகனின் பாதத்துக்குக் கீழே இருப்பதில் அவர்கள் குற்றமொன்றும் காணவில்லை.

இவற்றைச் சுவைத்தனரா, வணங்கினரா என்று கேட்பவர் உளர். இரண்டையும் பிரிக்கத் தேவையில்லை. படத்தைத் தெரிவு செய்வோர் முகத்தில் இலட்சணம் விழுந்திருக்கின்றதா, கண் நம்மைப் பார்க்கின்றதா, நிறம் கலங்காமல் இருக்கின்றதா என்று நின்று நோக்குவர். எழுதப்படாத ஒரு திறனாய்வு அது. மாட்டும் முறையிலும் ஒழுங்கு உண்டு: தெய்வங்கள் மேலே, காலஞ்சென்ற தந்தையின் நிழற்படம் சற்றுக் கீழே, உயிரோடிருப்பவரின் படத்துக்கு மாலை கிடையாது. இம்முறை சைவருக்கு மட்டும் உரியதன்று. முஸ்லிம் கடைகளில் மக்கா, மதீனாக் காட்சிகளும் அழகிய அரபு எழுத்துக்களும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் சிறு செவ்விளக்கின் மேலே திருஇருதயப் படம். வெள்ளவத்தைச் சைவக்கடையொன்றில் பிள்ளையாரும் புத்தரும் அந்தோனியாரும் ஒரே மின்விளக்குச் சரத்தின் கீழ் இருக்கக் கண்டோம். இவையனைத்தினும் எளிய சுவர் கடைச் சிப்பந்தியினுடையது. இரவில் கடைக்குள்ளேயே படுத்துறங்கிய அவனுக்குச் சுவரென ஒன்று இல்லை. றங்குப்பெட்டியின் மூடிக்கு உட்புறமே அவன் சுவர். அங்கே ஒரு முருகனும் அருகில் ஒரு சினிமா நடிகரும் ஒட்டப்பட்டிருப்பர்.

நாற்பத்துமூன்று குழுவினரைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. ஜோர்ஜ் கீற்றின் கோட்டு வன்மையை மறுப்பவர் யார்? ஆனால் அவர் வரைந்த கிருஷ்ணனும் ராதையும் ஆங்கிலங்கற்ற உயர்குடியினரின் வரவேற்பறைகளுக்கே பெரும்பாலும் சென்றனர். அவ்வறைகளிலிருந்து செட்டியார் தெருவுக்கு உள்ள தூரம் சில மைல்களே, அது கடக்கப்படவில்லை. மக்கட் கலை என நாட்டுக்கூத்தை ஏற்றுக்கொண்ட நம் முற்போக்கு ஆய்வாளருங்கூட நகரத் தொழிலாளியின் சுவர்ப்படத்தை வணிகச் சரக்கு என ஒதுக்கியே வந்தனர். நாமும் அவ்வாறே செய்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஒதுக்கலுக்கு விலை கொடுக்கவும் நேர்ந்தது. 1983 யூலை 25ஆம் திகதி புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழருடைய கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. சரக்கு எரிந்தது, கட்டடம் எரிந்தது, அவற்றோடு பணப்பெட்டிக்கு மேலே இரண்டு மூன்று தலைமுறையாக ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த படங்களும் எரிந்தன. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் எவ்வெவை இருந்தன என்பதைப் பேசவாவது நமக்கு ஓரளவு இயலும். எரிந்த சுவர்களில் எவை இருந்தன என்று பேச ஒரு பட்டியலும் இல்லை. எவரும் அவற்றைச் சேகரிப்பு என எண்ணிப் பட்டியலிட்டதில்லை.

ஆனால் சேகரிப்பு இருக்கத்தான் செய்தது. பூசை பெற்ற படத்தைக் குப்பையில் எறியலாகாது என்ற தயக்கமே அதன் விதி. நிறம் மங்கிய படம் புதியதற்கு இடங்கொடுத்துப் பக்கத்துச் சுவருக்குப் போகும், பின் சமையலறைக்கு, ஈற்றில், கண்ணாடி உடைந்தால், கோயில் மதிலோரத்துக்கோ அரசமரத்தடிக்கோ போய்ச் சேரும். இன்று மின்னொளி வீசும் பிளாத்திக்குப் படங்களும் பெரிய டிஜிற்றல் அச்சுக்களும் கடைகளை நிறைக்க, மரத்தடிக்கு வரும் பழைய படங்கள் கூடியுள்ளன. அத்தகைய சிலவற்றை நாம் பார்வையிட்டபோது, பின்புறத்து அட்டையைத் தாங்கப் படத்துக்குக் கண்ணாடி போட்டவர் மடித்து வைத்த பழைய பத்திரிகைத் தாள்கள் அப்படியே இருந்தன. அச்சகத்தின் பெயர் முன்பக்கத்து விளிம்பிலும், சட்டமிட்ட காலத்தை உணர்த்தும் திகதி பின்பக்கத்துத் தாளிலும் கிடைக்கின்றன. இவ்வாறு காலம் கணிக்கத்தக்க படங்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன. மாணவர் இருவர் ஒரு நிழற்படக் கருவியோடு ஒரு மாதம் சுற்றினால் முதற் பட்டியல் கிடைத்துவிடும். மாரி தொடங்குமுன் அது நடைபெறவேண்டும்.