தோள்பட்டைத் தசைநாண் காயம்: ஊசியும் இயன்முறைப் பயிற்சியும்

தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் நைந்தாலோ கிழிந்தாலோ, அறுவை சிகிச்சையைத் தவிர்த்துச் செய்யப்படும் முதன்மையான சிகிச்சைகள் இரண்டு: ஸ்டீராய்டு ஊசி, இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி). ஊசி வலியைச் சில வாரங்களுக்குத் தணிக்கிறது. தோளுக்கு வலுவை மீட்டுத் தருவது பயிற்சியே.

அமைப்பு

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியிருக்கிறது. அது நழுவாமல் காப்பவை சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் என்னும் நான்கு தசைகள். இவை சேர்ந்து சுழல்தசைத் தொகுதி எனப்படும். பெரும்பாலும் கிழிவது சுப்ராஸ்பைனேட்டஸின் நாண். அப்போது தலை வாருவதும் பரணிலிருந்து பாத்திரம் எடுப்பதும் கடினமாகும். இரவில் காயமுற்ற தோளின் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

வரலாறும் வகைப்பாடும்

லண்டனில் ஜே. ஜி. ஸ்மித் 1834-இல், இறந்தோர் உடல்களில் கண்ட நாண் கிழிசல்களை விவரித்தார். பிரெஞ்சு அறுவை மருத்துவர் டியூப்ளே 1872-இல் தோள்வலியை மூட்டைச் சூழ்ந்த திசுக்களின் அழற்சியாகக் கருதினார். பாஸ்டன் நகரின் எர்னஸ்ட் காட்மன் கிழிந்த நாணைத் தைத்து அதை 1911-இல் வெளியிட்டார்; 1934-இல் தோளைப் பற்றியே தனி நூல் எழுதினார். முன்னே குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1972-இல், தோள்பட்டை எலும்பின் முன்முனை நாண் மீது உரசுவதே காயத்தின் காரணம் என்றார். 1983-இல் அவர் மூன்று நிலைகளை வகுத்தார். முதல் நிலை வீக்கமும் இரத்தக்கசிவும். இது பெரும்பாலும் 25 வயதுக்கு உட்பட்டோரிடம் காணப்படும். இரண்டாம் நிலை நார்த்தடிப்பும் அழற்சியும். 25 முதல் 40 வயது வரை உள்ளோருக்கு உரியது. மூன்றாம் நிலை எலும்பு முள்ளும் கிழிசலும். 40 வயதைக் கடந்தோருக்கு உரியது. உரசும் எலும்பைச் செதுக்கும் அறுவை சிகிச்சை இக்கொள்கையால் பரவியது. 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அது போலி அறுவை சிகிச்சையை விடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. உரசலை விட, நாணின் உள்ளே ஏற்படும் தேய்மானமே முக்கியக் காரணம் என இப்போது பலர் கருதுகின்றனர்.

ஊசி

மேயோ மருத்துவமனையில் ஹென்ச், கெண்டல் குழுவினர் 1948-இல் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டைச் செலுத்தினர். 1950-இல் அவ்விருவரும் வேதியியலாளர் ரைக்‌ஷ்டைனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மூட்டுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தும் முறையை மருத்துவர் ஹாலண்டர் 1951-இல் வெளியிட்டார். இன்று ட்ரையம்சினலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசலோன், மரப்பு மருந்துடன் கலந்து, நாணுக்கு மேலுள்ள சவ்வுப்பையில் செலுத்தப்படுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளிறலாம். அடிக்கடி போட்டால் நாண் நலியும். வலி அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நம்பிப் பாரம் தூக்குவது பெருந்தீங்கு.

பயிற்சி

முதலில் ஊசலாட்டம், அடுத்து தோள்பட்டை எலும்பைப் பின்னிழுத்து நிறுத்துதல், பின்னர் ரப்பர் பட்டையை இழுத்துக் கையை வெளிப்புறம் திருப்புதல் எனச் சுமை படிப்படியாகக் கூடும். பலன் தெரிய ஏறத்தாழ 12 வாரங்கள் பொறுமை வேண்டும். விபத்தின்றி நாணின் முழுத் தடிமனும் கிழிந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகள் வரை அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை.

ஒப்பீடு

பிரிட்டனில் 708 பேரிடம் நடந்து 2021-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், ஊசியின் சிறு நன்மை 8 வாரங்களில் தெரிந்தது. 12 மாதக் கணக்கில் அது நிலைக்கவில்லை. ஒருமுறை மட்டும் ஆலோசனை பெற்று வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களும், 6 அமர்வுகள் வரை வந்தவர்களுக்கு நிகராகவே தேறினர். ஆகவே பயிற்சியே முதல் சிகிச்சை. வலி மிகுந்து கையசைக்க இயலாதோருக்கு மட்டும் ஊசி துணையாகலாம். கீழே விழுந்ததால் திடீரெனக் கையைத் தூக்க முடியாமல் போனால் தாமதமின்றி எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்றைய நிலை

நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தட்டணுச் செறிவு ஊசியும் இப்போது பயன்பாட்டில் உள்ளது. அதன் ஆய்வு முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை.