படம் போட்ட சாப்பாட்டுத் தட்டு - ஒரு சின்ன சரித்திரம்

நொய்டாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் சின்னவளுக்கு ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தோம். நடுவில் குடை பிடித்த யானை. யானை முகம் முழுசாகத் தெரியும்வரை சாப்பிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மூன்று மாதம் ஒப்பந்தம் ஒழுங்காக நடந்தது. நாலாவது மாதம் அம்மணிக்கு யானை அலுத்துவிட்டது. "அப்பா, தட்டு இதுவே போதும். படத்தை மட்டும் மாத்திக் குடு" என்றாள். தட்டு வேறு, படம் வேறு என்று அந்த வயசில் எப்படித் தோன்றியதோ! தங்கமணி, "உங்க பொண்ணுதானே, நீங்களே பதில் சொல்லுங்க" என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

பதில் ஒரு வங்கி வேலையில் கிடைத்தது. டெல்லியிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, புலந்த்ஷஹர் மாவட்டத்தில் குர்ஜா என்று ஓர் ஊர். பீங்கான் சாமான்களுக்குப் பேர் போனது. ஒரு சிறுதொழில் கடன் கணக்குக்காக ஸ்டாக் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளைத் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. பக்கத்தில் ஒரு தொட்டியில் தண்ணீர். ஒரு பெண்மணி படம் அச்சடித்த தாளைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் படம் தாளை விட்டு வழுக்கிக்கொண்டு வருகிறது. அதைத் தட்டில் வைத்து, ரப்பர் துண்டால் தண்ணீரை வழித்துவிட்டு, அடுத்ததை எடுக்கிறார். மறுபடி சூளைக்குப் போய் 800 டிகிரி சுமாரில் வெந்து வந்தால் படம் தட்டோடு ஒட்டிப்போகும். டீகால் என்கிறார்கள். ஒன்றில் முயல், அடுத்ததில் ரயில், அதற்கடுத்ததில் ஏதோ ஹோட்டல் பெயர். தட்டு என்னவோ எல்லாம் ஒன்றேதான்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பி.காம். படித்தவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு வவுச்சர் எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போகிற புத்திதான் இது.

கதையை நான் ஆரம்பிப்பது இங்கிலாந்தின் லிவர்பூலில். 1756 ஜூலை 27ஆம் தேதி ஜான் சாட்லர், கை கிரீன் என்று இரண்டு பேர் காலை 9 மணியிலிருந்து மதியம் 3 மணிவரை, வேறு யார் துணையும் இல்லாமல், 1200க்கும் மேற்பட்ட பீங்கான் ஓடுகளில் படம் அச்சடித்ததாகப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கைதேர்ந்த ஓவியர்கள் நூறு பேர் உட்கார்ந்தாலும் அதே நேரத்தில் இத்தனை முடியாது என்று சாட்சியும் வாங்கி வைத்தார்கள். (அஃபிடவிட் என்றாலே எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.) அச்சு வருவதற்கு முன் தட்டில் படம் வேண்டுமென்றால் ஒருவர் தூரிகை எடுத்து வரைய வேண்டும். அது பணக்காரர் வீட்டுச் சமாசாரம். அச்சு வந்ததும் படம் தட்டை விட்டுத் தனியே பிரிந்து வந்தது.

முறை இதுதான். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்குவார்கள். தகட்டைச் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த வண்ணத்தைத் தேய்த்து, மேலே இருப்பதை வழித்துவிட்டு, மெல்லிய ஈரத்தாளை வைத்து அழுத்துவார்கள். தாளில் படம் வந்துவிடும். அதை வெட்டித் தட்டில் ஒட்டித் தேய்த்து, தாளைத் தண்ணீரில் கழுவி எடுத்துவிடுவார்கள். தகட்டில் இருப்பது தாளில் தலைகீழாகி, தட்டில் மறுபடி நேராகிவிடும். அதனால் செதுக்குபவர் எழுத்துகளை நேராகவே செதுக்கலாம். பிறகு ஸ்டாஃபோர்ட்ஷயரில் கிளேஸ் பூசுவதற்கு முன்பே படத்தை ஒட்டிவிட ஆரம்பித்தார்கள். 1784 வாக்கில் ஜோசையா ஸ்போட் அதை நீல வண்ணத்தில் சரியாகக் கொண்டுவந்தார். கிளேஸுக்கு அடியில் படம் இருப்பதால் எவ்வளவு விளக்கினாலும் போகாது.

இதற்கப்புறம்தான் குழந்தைகளுக்கென்றே தட்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பட்டறைகள் இவற்றைக் கொட்டித் தீர்த்தன. ஐந்து முதல் எட்டு அங்குலம் அகலம். விளிம்பைச் சுற்றி ஆங்கில எழுத்து 26ம் புடைப்பாக இருக்கும். நடுவில் படம். இதில் உள்ள கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். விளிம்பு எழுத்து அச்சிலேயே இருக்கிறது, அது மாறாது. நடுப்படம் தாளில் வருகிறது, அதை நாளுக்கொன்றாக மாற்றலாம். இன்றைக்கு ராபின்சன் குரூசோ, நாளைக்கு பைபிள் கதை, அதற்கு மறுநாள் குடி குடியைக் கெடுக்கும் என்ற பிரசாரம். காது கேளாத பிள்ளைகளுக்காக விரல் சைகை எழுத்துகள் போட்ட தட்டுகூட உண்டு. சின்னவள் கேட்டதை அவர்கள் அப்போதே செய்துவிட்டார்கள். என்ன, வாங்குகிறவர் வீட்டில் மாற்ற முடியாது, பட்டறையில்தான் மாற்ற முடியும்.

நம்மூரில் தட்டில் படம் கிடையாது, பெயர்தான். பாத்திரக் கடையில் உட்கார வைத்து எவர்சில்வரில் டக்டக்கென்று வெட்டித் தருவார்கள். (கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) நான் பத்தாவது முடிக்கும்வரை சாப்பிட்டது என் அத்தை பெயர் வெட்டிய தட்டில். மாற்றுகிற பேச்சே இல்லை.

நிற்க. வங்கிக்காரனான எனக்கு இதில் சுவாரசியம், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வந்து நுழைந்த இடம். 1758ல் அவர் எழுதிய சிக்கனம், உழைப்பு பற்றிய வாசகங்களைப் படத்தோடு சேர்த்துக் குழந்தைத் தட்டுகளில் வரிசையாகப் போட்டார்கள். சீக்கிரம் எழுந்திரு, காசைச் சேர், சோம்பல் வறுமையைக் கொண்டுவரும் என்கிற ரகம். சேமிப்புக் கணக்கு தொடங்கச் சொல்லி நாங்கள் அடிக்கிற நோட்டீஸுக்குத் தாத்தா. கஞ்சியை வழித்துச் சாப்பிட்டால் அடியில் ஓர் உபதேசம் இருக்கும்.

அந்தத் தட்டைச் செய்தது யார் என்று பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. அச்சடிக்கும் அறையில் பெரியவர் ஒருவர் தகட்டைப் பார்த்துக்கொள்வார். பெண்கள் தாளை ஒட்டித் தேய்ப்பார்கள். அந்தத் தாளிலிருந்து படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பது ஒரு சிறுமி. வேலைக்குப் பெயரே 'கட்டர்'. தட்டு வேறு, படம் வேறு என்று பிரித்ததால் நடுவில் புதிதாக முளைத்த வேலை இது. வளர்ந்த ஆளுக்குக் கொடுக்கிற கூலி இதற்குக் கொடுக்க வேண்டாம் என்று சின்னப் பெண்களை வைத்தார்கள். 1840-41ல் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அதிகாரி பட்டறை பட்டறையாகப் போய் இந்தப் பிள்ளைகளையே உட்கார வைத்துக் கேட்டு எழுதி, பாராளுமன்ற விசாரணைக் கமிஷனுக்கு அறிக்கை கொடுத்தார். நானும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதுகிறவன்தான். ஸ்டாக் எண்ணிக்கை, மெஷின் நிலவரம், இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வரும். யார் வேலை செய்கிறார்கள், என்ன வயசு என்று எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

தட்டு செய்கிற பக்கம் பையன்கள். களிமண் தட்டோடு இருக்கும் பிளாஸ்டர் அச்சைத் தூக்கிக்கொண்டு சூடான உலர்த்தும் அறைக்கு ஓட வேண்டும். வைத்துவிட்டுக் காய்ந்த அச்சோடு திரும்பி ஓடி வர வேண்டும். டன்ஸ்டால் ஊரில் 1832ல் பிறந்த சார்லஸ் ஷா ஏழு வயசில் இந்த வேலைக்குப் போனவர். காலை ஐந்தரை வாக்கில் தொடங்கி ராத்திரி ஏழு, எட்டு மணிவரை. வாரக் கூலி ஒரு ஷில்லிங். அதற்கு முன்னால் ஒரு மூதாட்டி வீட்டில் நடந்த பள்ளிக்கூடத்தில் வாசிக்கக் கற்றிருந்தார், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த முழுநேரப் படிப்பு. 1842ல் குடும்பமே ஏழைகள் விடுதியில் போய் நிற்க வேண்டி வந்தது. இதையெல்லாம் அவரே எழுதிய புத்தகம் 1903ல் வந்தது, ஆசிரியர் பெயர் போடும் இடத்தில் 'ஒரு பழைய குயவன்' என்றிருந்தது. சீக்கிரம் எழுந்திரு என்று தட்டில் அச்சடித்து விற்ற ஊரில் விடிவதற்கு முன் எழுந்து வேலைக்குப் போன பிள்ளை. அவன் சேமிக்க என்ன இருந்தது?

இது மாறிய விதத்தில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1863ல் 26 பட்டறை முதலாளிகள், வெட்ஜ்வுட் குடும்பத்தின் நிறுவனமும் சேர்த்து, தாங்களாகவே அரசாங்கத்துக்கு மனுப் போட்டார்கள். பிள்ளைகளின் வேலை நேரத்தைக் குறைக்க நினைத்தாலும் போட்டி விடுவதில்லை, எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் போடுங்கள் என்று. நல்ல மனசு ஒன்றால் மட்டும் பாலன்ஸ் ஷீட் மாறாது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 1864ல் தொழிற்சாலைச் சட்டம் பீங்கான் பட்டறைகளுக்கும் வந்தது. எட்டு வயசுக்குக் கீழே வேலை கூடாது. எட்டிலிருந்து பதின்மூன்று வரை அரை நாள் வேலை, அரை நாள் பள்ளிக்கூடம். நமக்கு அதுவே கொடுமையாகத் தெரிகிறது. அன்றைக்கு அது பெரிய விஷயம்.

பின்னால் வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1934ல் ராயல் டௌல்டன் கம்பெனி வெளியிட்ட பன்னிகின்ஸ் முயல் தட்டுகளின் படங்களை வரைந்தது பார்பரா வெர்னன் என்ற கன்னியாஸ்திரி. கம்பெனி மேலாளரின் மகள். உபதேசம் போய் விளையாட்டு வந்தது அந்தக் காலத்தில்தான். 1970களில் அமெரிக்காவில் வட்டத் தாளையும் பேனாக்களையும் குழந்தையிடமே கொடுத்துவிட்டார்கள். அது வரைந்து அனுப்பினால், தாளை மெலமைனோடு சேர்த்து அழுத்தித் தட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் படம் போடுகிற உரிமை சாப்பிடுகிறவர் கைக்கு வந்தது.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இங்கே பள்ளிக்கூடத்தில் ஹிந்தியும் ஆங்கிலமும்தான். தமிழ் எழுத்து என்பது அம்மா ஞாயிற்றுக்கிழமை கண்ணை உருட்டும்போது வருவது. அந்தப் பழைய எழுத்துத் தட்டைப் பார்த்ததும் ஆசை வந்தது. விளிம்பில் உயிர் எழுத்து பன்னிரண்டும், நடுவில் அவள் வரைந்த படமும். தெரிந்த ஒரு பட்டறையில் சொல்லி ஆறு தட்டு, ஆறு படம் என்று டீகால் போட்டு வாங்கினேன். இந்தத் தடவை அந்தப் பெண்மணியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். மகள் ஆறாவது படிக்கிறாளாம், கணக்கில் மட்டும் கொஞ்சம் சுமாராம்.

தட்டு வந்தது. யானை, எங்கள் பழைய மாருதி, மூக்குக் கண்ணாடியோடு பாட்டி, எல்லாம் அமர்க்களம். சின்னவள் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அ, ஆ, இ, ஈ... ஔ வருகிற இடத்தில் கம்ப்யூட்டர் எழுத்துரு சதி செய்து, ஒ தனியாக, ள தனியாக, நடுவில் தாராளமாக இடம் விட்டு வந்திருந்தது.

"அப்பா, பதிமூணு இருக்கு" என்றாள்.