டிராகனும் கோடாலியும் - ஒரு கொசுவத்தி

தீசிஸ் ஆணி அதிகமானதால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. டிசம்பர்ல இங்க சீக்கிரமே சூரியன் மறைஞ்சிடும். லீவுக்கு வீட்டுக்குப் போன ரூம்மேட் தன்னோட நிண்டெண்டோ ஸ்விட்சை என்கிட்ட விட்டுட்டுப் போனான். பழைய மாரியோ எல்லாம் அதுல இருக்கு. ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணுலயும் கடைசி சண்டையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல கொசுவத்தி. 2012, கும்பகோணம். நான் ஆறாம் வகுப்பு, அக்கா பிளஸ் ஒன். வீட்டுல ஒரு டிவி கேம் இருந்துச்சு. ஒரிஜினல் நிண்டெண்டோ எல்லாம் இல்லைங்க, அதைப் பார்த்து அடிச்ச நகல். கேசட் மேல 9999 கேம்னு போட்டிருக்கும், உள்ள அதே பத்துப் பதினஞ்சுதான் திரும்பத் திரும்ப வரும். ஓடலைன்னா கேசட்டைக் கழட்டி ஊதிட்டுப் போடணும். விட்ட இடத்துல இருந்து ஆடுற வசதி கிடையாது. அந்த வருஷ மின்வெட்டு உங்களுக்கே தெரியும், சென்னையைத் தாண்டினா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாத நாள்கள் உண்டு. அதனால குறுக்கு வழி. 1-2-ல கூரைக்கு மேல ஓடி நாலாவது உலகம், 4-2-ல ஒளிஞ்சிருக்குற கொடியில ஏறி எட்டாவது உலகம். ஒரு நாள் அக்கா 8-4-க்கே போயிட்டா. பாலம் தெரிஞ்சுது. டிராகன் தெரிஞ்சுது. டொப்புனு கரண்ட் போச்சு. அக்கா ஜாய்ஸ்டிக்கைக் கீழ வைக்காம இருட்டுல அப்படியே உட்கார்ந்திருந்தா. அடுத்த வருஷம் அவளுக்குப் பொதுத்தேர்வு, டிவி கேம் பரண்ல ஏறிடுச்சு.

நாங்க டிராகன்னு சொன்ன ஆளோட பேரு பவுசர். 1985-ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ்ல எட்டு உலகம், உலகத்துக்கு ஒரு கோட்டை, எட்டுலயும் இவர்தான். மொத்த கேமே 40 கிலோபைட்ல அடங்கணும்கிறப்போ எட்டு வில்லனுக்கு எங்க போறது? ஆனா அதுலயும் ஒரு கதை வச்சாங்க. முதல் ஏழு பேரும் போலி. நெருப்பு உருண்டையால அஞ்சு அடி அடிச்சா வேஷம் கலைஞ்சு சாதா எதிரி ஒண்ணு கீழ விழும். நெருப்பு இல்லைன்னாலும் பரவாயில்லை. அவரைத் தாண்டிப் போய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற கோடாலியைத் தொட்டா போதும், பாலம் அறுந்து நெருப்புக் குழம்புல விழுந்துடுவார். நம்மூர் படத்துல ஹீரோ குடோன்ல அரை மணி நேரம் அடிச்சுத் துவைப்பார். இங்க ஒரு குத்து கூட இல்லாம கிளைமாக்ஸ் முடிஞ்சிடுது.

சரி, தன் வீட்டுப் பாலத்துக்குப் பக்கத்துலயே எதுக்குய்யா கோடாலி வைக்கிறார்? சின்ன வயசுல இதை வச்சு சிரிச்சிருக்கோம். இப்ப வரிசையா பார்த்ததுல ஒண்ணு புரிஞ்சுது. மாரியோவுக்குத் தெரிஞ்சது குதிக்கிறதும் ஓடுறதும்தான். பவுசர் முதுகெல்லாம் முள்ளு, மேல குதிக்கவும் முடியாது. அப்போ ஆயுதம் வில்லன்கிட்ட இருந்துதான் வரணும்.

மூணாவது பாகத்தைப் பாருங்க (ஜப்பான்ல 1988). கோடாலி இல்லை. கீழ செங்கல் தரை, மேல இருந்து பவுசர் நம்மை நசுக்கக் குதிப்பார். நாம நகர்ந்து நகர்ந்து ஒரே இடத்துல குதிக்க வைக்கணும். செங்கல் உடைஞ்சு ஓட்டையில அவரே விழுந்துடுவார். சொந்தச் செலவில் சூனியம்! :) அதே 1988-ல அமெரிக்காவுக்குன்னு வந்த ரெண்டாம் பாகத்துல பவுசரே கிடையாது, வார்ட்டுன்னு ஒரு தவளை ராஜா. அவருக்குக் காய்கறின்னா ஆகாது. ஆனா அவர் அறையில இருக்குற மெஷின்தான் காய்கறியைத் துப்புது, அதை எடுத்து அவர் வாயிலயே போடணும். 1990-ல சூப்பர் மாரியோ வேர்ல்டுல பவுசர் கோமாளி மூஞ்சி வண்டியில பறந்துக்கிட்டு சாவி கொடுத்த பொம்மைகளைக் கீழ போடுவார். அதையே மேல எறிஞ்சு அவர் தலையில அடிக்கணும்.

பெரிய மாற்றம் 1996. சூப்பர் மாரியோ 64, முப்பரிமாணம். இதுக்கு முன்னாடி எல்லாம் தாண்டுறது, எறியுறதுதான். இதுல பின்னாடி ஓடிப் போய் வாலைப் பிடிச்சு, சுத்தோ சுத்துன்னு சுத்தி, ஓரத்துல இருக்குற வெடிகுண்டு மேல வீசணும். முதல் ரெண்டு சண்டையில ஒரு தடவை, கடைசியில மூணு தடவை. கட்டை விரல் வலியோட சொல்றேன், இதான் கஷ்டம்.

நடுவுல நிறைய விட்டுட்டு 2017-க்கு வர்றேன். சூப்பர் மாரியோ ஒடிஸி. நிலாவுல கல்யாணம், கோட் சூட்ல பவுசர். அவர் வீசுற தொப்பியைப் பிடிச்சு மாட்டிக்கிட்டு அவரையே குத்தணும். சண்டை முடிஞ்சதும் குகை இடியுது. அங்க மாரியோ தன் தொப்பியை மயங்கிக் கிடக்குற பவுசர் மேல போட்டு, பவுசராவே மாறி, பாறையை உடைச்சு இளவரசியோட வெளிய வர்றார். பாலம், தரை, பொம்மை, வால்னு 32 வருஷமா வில்லன்கிட்ட கடன் வாங்கினவர் கடைசியில அவர் உடம்பையே வாங்கிட்டார். எனக்குப் புல்லரிச்சிடுச்சுங்க.

ஆனா கடைசியா முடிச்சது ஒடிஸி இல்லை, 1985-தான். இங்க கரண்ட் போறதில்லை, ஸ்விட்ச்ல ரீவைண்ட் கூட இருக்கு, தொடலை. 8-4-ல தப்பான குழாய்ல நாலு தடவை இறங்கித் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கே வந்தேன். பாலம் தெரிஞ்சதும் நிறுத்தி வச்சுட்டு அக்காவுக்கு வீடியோ கால். அங்க ராத்திரி பதினொண்ணு, பையனைத் தூங்க வச்சுட்டு வந்தா. திரையைக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னா: "டேய், பார்த்துட்டு நிக்காத. சீக்கிரம் போய்க் கோடாலியைத் தொடு, கரண்ட் போயிடப் போகுது."

டிஸ்கி: காப்பாத்தினதும் இளவரசி நன்றி சொல்லிட்டு, இன்னும் கஷ்டமா ஒரு ரவுண்டு இருக்கு, மறுபடி ஆரம்பிங்கன்னு சொல்றாங்க. மாஸ்டர்ஸ் முடிக்கப் போற எல்லாருக்கும் சமர்ப்பணம்.