கிட்டாரிலிருந்து பியானோவுக்கு: இசைத்தாள் வந்த வழி

கிட்டார் பழகியவர் பியானோவின் முன் அமரும்போது திகைப்பது கட்டைகளைக் கண்டு அல்ல, தாளைக் கண்டுதான். காரியாபட்டி போன்ற ஊரில் பியானோ ஆசிரியர் கிடைப்பது அரிது. வீட்டில் ஒரு மின்னணுக் கீபோர்டும் கையில் ஒரு கைப்பேசியும் இருந்தால், இணையத்தில் கிடைக்கும் இசைத்தாளே ஆசிரியர். ஆனால் கிட்டாருக்குக் கிடைத்ததைப்போல எண்கள் எழுதிய தாள் அங்கே எளிதில் அகப்படுவதில்லை. ஐந்து கோடுகளும் கரும்புள்ளிகளுமே கண்ணில் படுகின்றன. இது ஏன்?

கிட்டாரின் மிக மெல்லிய கம்பியை விரல் வைக்காமல் மீட்டுங்கள். எழும் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ். அதே ஒலியை இரண்டாம் கம்பியின் 5ஆம் மெட்டிலும், மூன்றாம் கம்பியின் 9ஆம் மெட்டிலும், நான்காம் கம்பியின் 14ஆம் மெட்டிலும் எழுப்பலாம். ஒலி ஒன்று, இடம் நான்கு. ஆகவே கிட்டார்க்காரருக்கு எந்தக் கம்பி, எந்த மெட்டு என்று சொல்லும் விரற்குறி பேருதவி. பியானோவில் 88 கட்டைகள். 330 ஹெர்ட்ஸுக்கு அவற்றுள் ஒரே ஒரு கட்டைதான். ஒலி இன்னதென்று சொல்லிவிட்டால் இடத்தைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இரு முறைகளும் பழமையானவை. கோடுகளின்மேல் சுரங்களை நிறுத்தும் முறையை 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி கீதோ செம்மைப்படுத்தினார். வெனிஸ் நகர அச்சாளர் பெட்ரூச்சி 1501இல் பலகுரல் பாடல்களைக் கோட்டுக் குறியில் அச்சிட்டார். 1507இல் லூட் என்னும் நரம்புக் கருவிக்கு விரற்குறி நூலையும் அச்சிட்டார். ஒரே அச்சுக்கூடம், இரண்டு மொழிகள்! கிட்டாரிலிருந்து பியானோவுக்கு வருபவர் இசையைப் புதிதாகக் கற்கவில்லை. எழுத்தைத்தான் புதிதாகக் கற்கிறார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கிட்டாருக்கான கோட்டுக் குறி, உண்மையில் ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுவது வழக்கம். அத்தாளை அப்படியே பியானோவில் வாசித்தால் அதிர்வெண் இரு மடங்காகிவிடும்.

இத்தகைய தாள்கள் தாமாக விளைந்தவை அல்ல. நம் நாட்டுக் கதையையே பாருங்கள். சென்னைத் தலைமைச் செயலகத்தில் அலுவல் பார்த்த சின்னசாமி முதலியார் கருநாடக இசையும் ஐரோப்பிய இசையும் அறிந்தவர். ஏட்டிலும் நினைவிலும் மட்டும் வாழ்ந்த கீர்த்தனைகள் பாடுவோரோடு மறைந்துவிடும் என்று அஞ்சினார். தியாகராசரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசாமி பாகவதரிடம் கேட்டுக் கேட்டு, தியாகராசர் கீர்த்தனைகளை ஐந்து கோட்டுக் குறியில் எழுதினார். 1892-93இல் அவை பகுதி பகுதியாக அச்சேறின. கைப்பொருள் கரைந்தது, கண்பார்வையும் குன்றியது, வெளியீடு நின்றது.

முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளோ எட்டயபுர அரண்மனை வித்துவான் சுப்பராம தீட்சிதரிடம் இருந்தன. காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகத் தெற்கே செல்லும் சாலையில்தான் அந்த எட்டயபுரம் இருக்கிறது. 1899இல் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அங்கே சென்ற முதலியார், இவற்றை அச்சிடச் செய்யவேண்டும் என்று மன்னரிடமே முறையிட்டார். மன்னர் இசைந்தார். 1904இல் எட்டயபுரத்திலேயே ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. எழுத்து தெலுங்கு, குறி சரிகம. கமகங்களுக்குத் தனி அடையாளங்களும் உண்டு. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கும் ஒலியைப் புள்ளியால் காட்டுவது கடினம். அந்த வகையில் எட்டயபுர நூல் மேலானது என்பது என் கருத்து. ஆனால் உலகின் எந்த மூலையிலும் படிக்கத்தக்கதாக எழுதவேண்டும் என்ற முதலியாரின் நோக்கமும் சிறியதன்று.

அந்த நோக்கம் கைகூடியது இணையத்தில். எட்வர்டு குவோ என்ற மாணவர் 2006இல் கனடாவில் ஓர் இலவச இசைத்தாள் நூலகத்தைத் தொடங்கினார். அதன் சுருக்கப் பெயர் ஐ.எம்.எஸ்.எல்.பி.; மற்றொரு பெயர் பெட்ரூச்சி இசை நூலகம். 2007 அக்டோபரில் வியன்னாவின் யூனிவர்சல் எடிஷன் நிறுவனம் வழக்கறிஞர் மூலம் எச்சரிக்க, நூலகம் மூடப்பட்டது. கனடாவில் காப்புரிமை தீர்ந்த சில படைப்புகளுக்கு ஐரோப்பாவில் உரிமை இருந்ததே பிணக்கு. 2008 ஜூனில் மீண்டும் திறந்தது. நம் நாட்டில் இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ஆதலால் அண்மைக்காலத் திரைப்பாடலை அங்கே தேடிப் பயனில்லை.

தேடும்போது பாட்டின் பெயரைவிட இயற்றியவர் பெயரும் படைப்பு எண்ணும் கைகொடுக்கும். எடுத்துக்காட்டாக, பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்கு 1725இல் தொடங்கித் தந்த குறிப்பேட்டைத் தேடுங்கள். அதிலுள்ள ஜி மேஜர் மினுவெட் தொடக்கநிலையாளர் பலர் வாசிப்பது. நெடுங்காலம் பாக்கின் பெயரில் வழங்கிய அதை இயற்றியவர் பெட்சோல்டு என்று பின்னர் கண்டறிந்தார்கள். கீழ்க்கோட்டு வரிசை இடக்கைக்கு, மேல்வரிசை வலக்கைக்கு. கிட்டாரில் நீங்கள் அறிந்த சி கார்டு இங்கே சி, ஈ, ஜி என்னும் மூன்று கட்டைகள், அவ்வளவே.

கமகம் குறுக்கிடாத நம்மவர் படைப்பும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சொற்கள் அமைத்த நோட்டுசுவரங்கள் சுமார் 40. இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. அவை சங்கராபரணத்தில் அமைந்தவை. சி கட்டையை சட்ஜமாகக் கொண்டால் வெள்ளைக் கட்டைகளே போதும். அவற்றின் சரிகமக் குறிப்பு இணையத்தில் கிடைக்கிறது. ஐந்து கோட்டில் நீங்களே எழுதிப் பார்க்கலாம்.