டிஃபிராக்கும் பொறிமொழியும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் இல்லங்களில், கணிப்பொறிக்கு நிரல் எழுதிப் பிழைக்கும் இளைஞர் இன்று பலர். அவர்தம் கல்வி பெரும்பாலும் பைத்தான், ஜாவா போன்ற மேல்நிலை மொழிகளில் தொடங்குகின்றது. பின்னர்ப் பணியின் தேவையாலோ அறியும் ஆவலாலோ சி மொழிக்கும், அதனினும் கீழான அசெம்பிளி மொழிக்கும் இறங்கி வருவோர் சிலர் உளர். வந்தவர் திகைக்கின்றனர். இறங்கி வரும் இப்பாதை பிற்காலத்தது; இந்நகரில் முதன்முதல் நிரல் எழுதியோர் கீழிருந்தே மேலேறினர்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1954-ஆம் ஆண்டு சேர்ந்தவர் ஆர். நரசிம்மன். சென்னையிற் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்றவர். நம்மவர் என்று நாம் சிறிது பெருமிதம் கொள்ளலாம். அவர் தலைமையில் ஓர் இளைஞர் குழு 1956-இல் மாதிரிப் பொறியையும், 1960-இல் முழுப் பொறியையும் இயக்கிக் காட்டியது. 1962 ஜனவரியில் கொலாபாவில் நிறுவனத்தின் கட்டடங்களைத் திறந்துவைக்க வந்த பிரதமர் நேரு அதற்கு 'டிஃபிராக்' எனப் பெயரிட்டார். அதில் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. நினைவகத்தில் 2,048 அறைகள். அறை ஒன்றுக்கு 40 பிட்.

அதனோடு பேசிய மொழி எண்களே. 'கூலியையும் படியையும் கூட்டி ஊதியம் என்க' என்று இன்று ஒரே வரியில் எழுதுகின்றோம். பொறிமொழியிலோ, கூலி இருக்கும் அறையின் எண்ணைச் சொல்லி அதனைக் கூட்டுமிடத்திற்கு எடுத்துவரல் வேண்டும். படி இருக்கும் அறையின் எண்ணைச் சொல்லிக் கூட்டல் வேண்டும். விடையை வைக்கும் அறையையும் நாமே குறித்தல் வேண்டும். அவ்வறையில் முன்பு வேறொன்று இருந்தால் அது அழியும், பொறி எச்சரிக்காது. இவ்வாறு ஆக்கிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளையிட்டுப் பொறிக்குள் செலுத்தினர். எந்த அறையில் எது உளது என்பது எழுதியவனின் மனத்தில் இருந்தாக வேண்டும்.

1964-இல் அதே நிறுவனத்திற்குச் சி.டி.சி. 3600 என்னும் அமெரிக்கப் பொறி வந்தது. அதனுடன் ஃபோர்ட்ரான் மொழியும் வந்தது. அறைகளின் கணக்கைக் கம்பைலர் என்னும் மொழிமாற்றி ஏற்றுக்கொண்டது. விஞ்ஞானி தம் சூத்திரத்தை மட்டும் எழுதினால் போதும் என்றாயிற்று. பெரும் விடுதலைதான், ஐயமில்லை. ஆயினும் அதன்பின் வந்தோர்க்கு அறைகள் கண்ணுக்குப் புலப்படாமற் போயின.

எனினும் அறைகள் எங்கும் போய்விடவில்லை. நம் செம்பூரை அடுத்த டிராம்பேயில் உருவாகி 1969-இல் இயங்கிய டி.டி.சி. 12 என்னும் பொறியின் அறை 12 பிட்டே உடையது. அதனுள் குறியுடன் அடங்கும் மிகப் பெரிய எண் 2,047. அதற்கு மேற்பட்ட எண்ணை எழுத இரண்டு அறைகளை இணைத்தல் வேண்டும். பைத்தானில் எண் எவ்வளவு வளரினும் இடம் தானே விரியும். அப்பழக்கத்தோடு சி மொழிக்கு வருபவர் முதலில் இடறுவது இங்கேதான். அடுத்த இடறல், பயன்படுத்திய இடத்தைத் தாமே திருப்பித் தருதல்.

அந்த விரிவுக்கும் விலையுண்டு. வழக்கமான 64 பிட் பைத்தானில் சிறிய முழுஎண் ஒன்று 28 பைட் இடங்கொள்ளும். டிஃபிராக்கின் நினைவகம் முழுவதும் 10,240 பைட். கணக்கிட்டுப் பார்த்தால், அத்தகைய எண்கள் 365 மட்டுமே அதில் அடங்கும். அவற்றைக் கூட்டும் கட்டளைகளுக்கு எஞ்சும் இடம் 20 பைட் மட்டுமே.